சபாபதிக்கு இல்லாத சர்க்கரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் சபாபதிக்குச் சர்க்கரை வியாதி என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். அது இல்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று சபாபதி, இன்னொன்று அவர் மனைவி தையல்நாயகி, மூன்றாவது பட்டணத்தில் ஒரு டாக்டர்.

வியாதியைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு அப்பாதுரை. அவருக்கு நிஜமாகவே பத்து வருஷமாகச் சர்க்கரை. தெருவில் அந்த வியாதி தனக்கு மட்டும்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, நிறையத் தனிமை. சபாபதி தறியில் உட்கார்ந்தபடி அரைமணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆள் இளைத்திருப்பதைப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடுவதையும் பார்த்தார். மூன்றையும் கூட்டினார்.

"இன்னா மாப்ளே, சக்கரையா?"

சபாபதிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இல்லை என்றால், பின்னே என்ன என்று அடுத்த கேள்வி வரும்.

"ஆமா மாமா."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாப்பா வெக்கம்? நான் இருக்கேன் இல்ல?"

ஒருத்தனுக்கு வியாதி என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் எல்லார் வீட்டுக்கும் சேதி போய்விட்டது.

நிஜ வியாதிக்கு இப்படி மரியாதையான பெயர் ஒன்றும் கிடையாது. போன வருஷம், எழுபத்து மூன்றில், ஆவணி கடைசியில் ஒரு நாள் காலையில் சபாபதி தறிக்குழியில் இறங்கி மிதிகட்டைமேல் காலை வைத்தார். மிதிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் வைத்த கால் வைத்தபடி இருந்தார். மறுநாளும் அப்படியே. தறியில் பாவு நூல் நீண்டு கிடந்தது, ஆள் சுருண்டு கிடந்தார். அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தாலாவது பேசுகிறவர்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். சோறு போட்டால் தின்றார், போடாவிட்டால் கேட்கவில்லை. பட்டில் சிவப்பும் பச்சையும் கண்ணுக்குத் தெரிந்தனவாம். அந்த இரண்டுக்கும் நடுவில் அப்படி என்ன வித்தியாசம், அதற்கு ஏன் மனிதர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லையாம்.

"உனக்கு இன்னாடா கொறை?" என்று அக்கா காமாட்சியம்மாள் கேட்டாள்.

தொல்லையே அதுதான். குறை ஒன்றும் இல்லை. தறி உண்டு, பெண்டாட்டி உண்டு, பையன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். யாராவது செத்திருந்தால் துக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொந்தத்தில் அந்த வருஷம் பார்த்து ஒருத்தரும் சாகவில்லை. இருபத்து நாலு வயதில் ஒரு தடவை, முப்பத்து மூன்றில் ஒரு தடவை, இதே சனியன் அழையா விருந்தாளியாக வந்து ஒரு வருஷம் தங்கிவிட்டுப் போயிருக்கிறது. இது மூன்றாவது.

தாயத்து கட்டினார்கள். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். தர்காவில் ஓதிய தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். கச்சபேசுவரர் கோயிலில் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் தலைநோய்க்காரர்கள் மண்டை விளக்கு எடுப்பார்கள். மாவிளக்குச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்ற வேண்டும். அக்கா அதற்கும் இழுத்துப் போனாள். விளக்கு கடைசிவரை அணையாமல் எரிந்தது. கீழே இருந்த ஆள்தான் அணைந்தே இருந்தார்.

தை மாசம் உள்ளூர் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக்கொடுத்து, பட்டணத்தில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். அந்த டாக்டர் நல்ல மனிதர். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, அவர் கீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தார். அங்கே மனநோய் ஆஸ்பத்திரி இருப்பதால் காஞ்சிபுரத்தில் கீழ்ப்பாக்கம் என்பது இடமில்லை, வசவு. ஒருத்தன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால்கூட, "இன்னாடா, கீழ்ப்பாக்கத்துலேருந்து எப்போ வந்தே?" என்பார்கள். அதனால் அக்காவிடம் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார்கள்.

டாக்டர் கொடுத்தது பட்டாணி அளவில் சிவப்பு மாத்திரை. மூன்று வாரம் வாய் காய்ந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் ஒரு காலையில் அப்பாதுரை பக்கத்து வீட்டில் தேவாரம் பாடினார். அவர் தினமும் பாடுகிறவர், தினமும் சுருதி தப்புகிறவர்.

"இந்தாளு வாயை யாராவது மூடக்கூடாதா?" என்றார் சபாபதி.

அடுப்படியில் இருந்த தையல்நாயகி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். ஆறு மாசத்தில் அவர் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திரும்பி வந்தது. பசி வந்தது, பிறகு நெய்கிற வேகம், பிறகு அடுத்தவரைக் கேலி செய்கிற புத்தி. கூடவே அந்தச் சர்க்கரைப் பட்டமும் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் அவர் இலையில் லட்டு விழுந்த வேகத்தில் யாரோ ஒரு அத்தை அதை எடுத்துவிடுவாள். அப்பாதுரையும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டே மோர்ச்சோறு சாப்பிடுவார்கள். அப்பாதுரைக்கு அதில் பரம திருப்தி.

புரட்டாசியில் டாக்டர் ஒரு குண்டைப் போட்டார்.

"இப்போ நல்லா இருக்கீங்க. ஆனா மூணு தடவை வந்துடுச்சு. நிறுத்தினா நாலாவது வரலாம், வராமலும் போகலாம். நிறுத்தாம வருஷக்கணக்குல போட்டா வர்றது கொறையும்னு இப்போ சொல்றாங்க. நான் சத்தியம் பண்ண மாட்டேன். யோசிச்சு அடுத்த மாசம் சொல்லுங்க. முடிவு உங்களுது."

சபாபதி பயந்துபோனார். நாற்பத்திரண்டு வயதுவரை யாரும் அவரிடம் முடிவு கேட்டதில்லை. சேலைக்கு நிறம் முதலாளி சொல்வார். பெண்ணை அக்கா பார்த்தாள். பையனுக்குப் பெயரை ஜோசியர் வைத்தார். இப்போது திடீரென்று தன் மண்டைக்குத் தானே எஜமான் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

வருஷக்கணக்கில் மாத்திரை என்றால் வருஷக்கணக்கில் பொய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறொன்று உள்ளே அரித்தது.

"நான் சிரிக்கிறேனே, அது நானா, இல்ல மாத்திரையா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார்.

"யாரு சிரிச்சாலும் பல்லு உங்களுதுதான்," என்றாள் தையல்நாயகி.

"வெளையாடாத. ஐப்பசி ஒண்ணாந்தேதியிலேருந்து நிறுத்திப் பாக்கலாம்னு இருக்கேன். நல்லாதானே இருக்கேன்."

அவள் குழம்புச் சட்டியை மூடினாள். "நிறுத்துங்க. போடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வாய் காயறது உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. போன வருஷம் குழியில உக்காந்தது நீங்க. மேல உக்காந்து பாத்துக்கினு இருந்தது நான். எனக்கு யாரு மாத்திரை குடுத்தாங்க?"

அந்தக் கேள்விக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாததால் சபாபதி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். ஆனால் முடிவை மாற்றவில்லை.

புரட்டாசி கடைசி வாரம் அப்பாதுரை காலை இழுத்துக்கொண்டு வந்தார். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சபாபதி தறியில் இருந்தார். தையல்நாயகி ஓரமாக உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, உன் மாத்திரையில ரெண்டு குடுப்பா. என்னுது தீந்து மூணு வாரம் ஆவுது."

"மூணு வாரமா? ஏன் மாமா வாங்கல?"

"நல்லாருந்தேன்பா. நல்லாருக்கறவனுக்கு எதுக்கு மாத்திரைன்னு உட்டுட்டேன். இப்போ பாரு, புண்ணு வந்துக்கினு ஆறவே மாட்டேங்குது."

"அறிவு இருக்குதா உனக்கு? நல்லாருந்ததே மாத்திரையாலதானே? அதைப் போயி யாராவது..."

ராட்டைச் சத்தம் நின்றிருந்தது. தையல்நாயகி தலையைத் தூக்கவில்லை. தூக்காமலே பார்க்கத் தெரிந்த பெண்பிள்ளை அவள்.

இந்த இடைவெளியில் அப்பாதுரை சுவர் மாடத்தில் இருந்த சீசாவைத் திறந்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டுவிட்டார்.

சபாபதி குழியிலிருந்து எழுந்தார். சும்மா இருந்திருந்தால் பொய் பிழைத்திருக்கும். அதைச் சர்க்கரை மாத்திரை என்று நம்பிய அப்பாதுரையின் கால்தான் பிழைத்திருக்காது.

"துப்பு மாமா. முழுங்காத."

அப்பாதுரை விழுங்கவில்லை. நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம், பத்து வருஷத்துக்கு முன்னால் பிரிந்த சிநேகிதனை வழியில் பார்த்தவர் முகமாக மாறிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா இது, இனிக்குது?"

மாத்திரைமேல் சர்க்கரைப் பூச்சு. எட்டு மாசமாகத் தினமும் விழுங்குகிற சபாபதிக்கு, அது இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவே இல்லை.

"சக்கரைக்குக் குடுக்கற மாத்திரையில எவன்டா சக்கரை பூசுவான்?"

"அது சக்கரைக்கு இல்ல மாமா. எனக்குச் சக்கரையே இல்ல. போன வருஷம் குழியில பேசாம உக்காந்திருந்தேனே, அதுக்கு. கீழ்ப்பாக்கத்து டாக்டர் குடுத்தது."

அப்பாதுரை இரண்டையும் உள்ளங்கையில் துப்பினார். பூச்சுக் கரைந்து வெளுத்துப்போன மாத்திரைகளை ரொம்ப நேரம் பார்த்தார். சபாபதி எந்த வார்த்தைக்குப் பயந்து எட்டு மாசம் பொய் சொன்னாரோ, அது வரப்போகிறது என்று காத்திருந்தார்.

"அப்போ என்கூட ஒக்காந்து சக்கரை போடாத காப்பி குடிச்சியே?"

"ஆமா மாமா."

"லட்டை எடுத்தப்போ ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினமே, அது?"

"அதுவும் பொய்தான்."

"சண்டாளா. தெருவுல எனக்குன்னு தொணைக்கு ஒருத்தன் இருக்கான்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பைத்தியம் என்ற பேச்சே அவர் மண்டையில் ஏறவில்லை. துரோகம்தான் ஏறியது. கொஞ்சம் கழித்து, "இதை நிறுத்தினா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"திரும்ப வரலாம். வராமலும் இருக்கலாம்."

"ஒண்ணாந்தேதியிலேருந்து நிறுத்தப் போறாராம் உங்க மாப்ளே," என்றாள் தையல்நாயகி.

"ஏம்பா?"

சபாபதி பதில் தேடினார். அவரிடம் இருந்தது ஒரே பதில், நல்லாருக்கேன் என்பது. அதை அப்பாதுரை ஏற்கெனவே சொல்லி, கட்டைவிரலில் துணியும் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"வா, மொதல்ல உன் காலை டாக்டர்கிட்ட காட்டலாம்," என்று சொல்லி அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வழி நெடுக அப்பாதுரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். திட்டுவதற்குக் கீழ்ப்பாக்கம் என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. சண்டை என்று வந்தால் முதலில் அதைத்தான் எடுக்கிற மனிதர் அவர்.

ஐப்பசி ஒண்ணாந்தேதி சாப்பிட்டு முடித்ததும் சபாபதி கையை நீட்டினார். தையல்நாயகி மாத்திரையை வைத்தாள்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க அவளும் கூடக் கிளம்பினாள். பஸ்ஸில் அவர் எப்போதும் எழும்பூருக்குத்தான் டிக்கெட் கேட்பார். கீழ்ப்பாக்கத்தைத் தாண்டிப் போய் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பார். பஸ் முழுக்க ஊர்க்காரர்கள், காது எல்லாருக்கும் உண்டு.

"எங்கப்பா?" என்றார் கண்டக்டர்.

"கீழ்ப்பாக்கம். ரெண்டு."

முன் சீட்டில் ஒரு தலை திரும்பியது. சின்ன காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைக் குமாஸ்தா வரதராஜன். நெற்றி நிறைய நாமம். சபாபதியைப் பார்த்தார், தையல்நாயகியைப் பார்த்தார், இரண்டு பேரில் எவர் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான். வருஷக்கணக்கா மாத்திரை போடணும்னு டாக்டர் சொன்னாரு. போடறேன்னு சொல்லப் போறேன்."

வரதராஜன் தலையாட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். பஸ் பூந்தமல்லி தாண்டியதும், திரும்பாமலே, தன் முன்னால் இருந்த கம்பியிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அந்த டாக்டர் எந்தெந்தக் கெழமையில பாக்கறாரு?"