‘நடந்து’ என்ற கட்டத்தில் ஒரு டிக்

எங்கள் ஆம்புலன்ஸில் பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து வருகிறவரை எல்லாரும் ‘வாத்தியார்’ என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வேலை பார்த்தவரில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் வந்த பெயர். வண்டி ஓட்டுகிற எனக்கோ என் கையெழுத்தை நானே படிக்க முடியாது.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி ஆம்புலன்ஸ் வாடகையைக் கொடுக்கும். மற்றவர்கள் ஏனோதானோ என்று கிறுக்கித் தள்ளுவார்கள். வாத்தியார் நாடி எத்தனை, எத்தனை மணிக்கு ஏற்றினோம் என்று ஒன்று விடாமல் எழுதுவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு பொய் எழுதியதில்லை.

“கல்யாணப் பத்திரிகையா எழுதறீங்க?” என்று வம்பிழுப்பேன்.

“யாராவது படிப்பாங்கப்பா” என்பார்.

படித்தார்கள், பாவிகள். நன்றாகவே படித்தார்கள்.

ஒரு நாள் மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரருக்கு நெஞ்சு வலி. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. படிக்கட்டு படு குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பவே இல்லை. வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக அவரை நடத்திக் கீழே கொண்டுவந்தோம். படிவத்தில் ‘வண்டிக்கு வந்த விதம்’ என்று மூன்று கட்டங்கள் உண்டு: ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, நடந்து. வாத்தியார் மூன்றாவதில் டிக் போட்டார். படிக்கட்டைப் பற்றி எழுத அதில் இடமில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

மாரடைப்புதான். நல்ல வேளை, ஆள் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்த கம்பெனி எங்கள் வாடகையை மட்டும் தள்ளிவிட்டது. நடக்க முடிந்தவருக்கு ஆம்புலன்ஸ் அவசியமில்லையாம்! தையல்காரரின் மனைவி அந்தக் கடிதத்தோடு எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, நீங்க எழுதினதுதானே? ஒரு வரி மாத்திக் குடுத்துடுங்க. அவ்வளவு பணத்துக்கு நாங்க எங்க போவோம்?”

வாத்தியார் முகம் செத்துப்போனது. உடனே கம்பெனிக்குப் போன் போட்டார்.

“ஒரு தடவ பதிவானா திருத்த முடியாது சார். உங்க ஆபீஸ்லேருந்து விளக்கக் கடிதம் அனுப்புங்க.”

எங்கள் மேனேஜர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். “இத மாத்தினா, நாளைக்கு நாம அனுப்பற ஒவ்வொண்ணையும் சந்தேகப்படுவாங்கய்யா.”

எனக்கு வந்த கோபத்துக்கு மேஜையைக் கவிழ்த்திருப்பேன். வாத்தியார் நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போனார். படிக்கட்டை அளந்து, படம் வரைந்து, தானே நாலு பக்கம் எழுதி அனுப்பினார். அலுவலக முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. கடைசியில் அந்தம்மாதான் மாசாமாசம் தவணையில் கட்டினார்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் அந்தம்மா வாத்தியாரின் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டார். நாங்கள் கால் உடைந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடியில் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“அண்ணே, இவருக்கு மறுபடியும் நெஞ்சு வலிக்குது. ஆனா நடக்க முடியுதுங்கறார். பஸ்ஸுலயே போயிடறோம். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க.”

“ஐயோ, வேணாம்மா! அவர உக்கார வைங்க, ஒரு அடி எடுத்து வைக்க விடாதீங்க. வேற வண்டி அனுப்பச் சொல்றேன்!”

“இந்தத் தடவயாவது பணம் குடுப்பாங்களாண்ணே?”

‘குடுப்பாங்க’ என்று ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். மனுஷனுக்கு வாய் வரவில்லை. அந்தம்மா போனை வைத்துவிட்டார்.

நான் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி வேறு வண்டியை அனுப்ப வைத்தேன். அது போய்ச் சேர்ந்தபோது தையல்காரர் பஸ் நிறுத்தத்தில் கிடந்தார். உயிர் இல்லை.

சாயங்காலம் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். வாசலில் நிற்க வைத்துத் திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று போனோம். அந்தம்மா எழுந்து வந்து வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க அவ்வளவு சொன்னீங்க, நான்தான் கேக்கல. மன்னிச்சுடுங்கண்ணே” என்றார்.