அரை வேக்காடு

கரும்பு வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவைக் கொல்ல, பீன்யா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் அரிசியில் பச்சைப் பூஞ்சை வளர்ப்பார்கள். அந்த அரிசியை வேகவைக்கும் அடுப்பு என்னுடையது. கல்யாணப் பந்திகளுக்குச் சமைத்த கை என்னுடையது.

அப்புறம் என்னோடு அரிசி வேகவைக்க அவள் புதிதாக வேலைக்கு வந்தாள். ஒல்லி உடம்பு, காதில் பிளாஸ்டிக் தோடு. வெந்த அரிசி ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்ப்பது அவள் பழக்கம். நான் வேகவைத்ததையும் கிள்ளினாள். எனக்கு எரிந்தது.

அவள் வேகவைத்து, பூஞ்சை விதை தூவிக் கட்டிய பைகள் முழுக்கப் பச்சை பூத்தன. என் பைகளில் அரிசி கட்டிதட்டி, நடுவில் வெள்ளையாகவே கிடந்தது. அடுப்பையே அவளிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

"என்னடி மந்திரம் போடறே?" என்றேன்.

"மந்திரமும் இல்ல, மண்ணும் இல்லக்கா. நீங்க பந்திக்கு வேகவைக்கிறீங்க. பூஞ்சை என்ன, சாம்பாரா கேக்குது? அரை வேக்காட்டுல இறக்குங்க. உதிரியா இருந்தாத்தான் உள்ளே காத்து போவும்."

யாரும் பார்க்காத நேரத்தில் அப்படியே இறக்கினேன். என் பைகளும் பூத்தன.

மழைக்காலம் முடிந்து, மண்டியா விவசாயி ஒருவர் கரும்புக் கட்டோடு வந்தார். எங்கள் பூஞ்சையைப் போட்ட அவர் வயலில் தோண்டிய இடமெல்லாம் புழு பச்சை போர்த்திச் செத்துக் கிடந்ததாம். "யார் செய்தது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். "எல்லாம் அக்கா கைதான்."

கரும்புக் கட்டை வாங்கிக்கொண்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரை விட்டுக்கொடுப்பது அவளுக்கு மட்டும் எப்படி அவ்வளவு லேசாக வந்தது? அந்தப் பொறாமைதான் இன்னும் போகவில்லை.