கைவிடப்பட்ட மருமகளைப் பற்றி வாசகர்கள்

உலகம் சீக்கிரம் முடியப்போகிறது என்று மாதாமாதம் அச்சடித்துச் சொல்லும் பத்திரிகைக்கும் ஆயுள் சந்தா கட்ட ஆள் இருக்கிறது. கமா அக்கா அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டாள். ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று எடிட்டரிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதெல்லாம் விசுவாசம்மா" என்றார். அதற்கு மேல் அவரைக் கேட்பதில் பிரயோஜனமில்லை.

அலுவலகம் ஒரு செருப்புக் கடையின் மாடி. முன்னறையில் எடிட்டர், அவருடைய இருமல், ஒரு சிலுவைப் படம். பின்னறையில் கம்ப்யூட்டர், கமா அக்கா, விற்காமல் திரும்பி வந்த பழைய இதழ்க் கட்டுகள். அதில் ஒரு கட்டைக் காலுக்கு மணை மாதிரி போட்டுக்கொள்வாள். கீழேயிருந்து பசை வாடை ஏறி வரும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அவ்வளவுதான் காட்சி.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு வாசகர்கள்தான் காரணம். கடிதம் எழுதுகிறவர்கள் மூச்சு விடாமல் எழுதுவார்கள். ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தால் சாட்சி, சர்க்கரை வியாதி, மகள் கல்யாணம், தொடர்கதை என்று எல்லாம் ஒரே வாக்கியத்தில் ஓடும். அதையெல்லாம் பிடித்து நிறுத்தி, நடுநடுவே கமா போட்டு, 'வாசகர் கருத்து' என்ற ஒரே பக்கத்துக்குள் அடக்குவது இவள் வேலை. எடிட்டர் விளையாட்டாக வைத்த பெயர் சபை முழுக்கப் பரவிவிட்டது.

அந்தப் பக்கம் சூடு பிடித்தது டீச்சர் தொடர்கதை எழுத ஆரம்பித்த பிறகு. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். பாடகர் குழுவில் கமா அக்காவுக்குப் பக்கத்து இடம். ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு பாடிப் பாடி நெருங்கியவர்கள். கதைக்குப் பெயர் 'ஆளில்லாத கட்டில்'. கடைசி நாளில் எக்காளம் ஊதுகிறது, நல்லவர்கள் ஒரு நொடியில் மேலே எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள், மற்றவர்கள் கைவிடப்பட்டு உபத்திரவ காலத்தில் தவிக்கிறார்கள். வழக்கமான சங்கதிதான். ஆனால் டீச்சர் எழுதினால் அடுப்பில் பொங்கும் பால்கூடக் கண்ணுக்குத் தெரியும்.

வாசகர்கள் சும்மா இருப்பார்களா? வேதப்படி மூன்றரை வருஷம் கழித்து நடக்க வேண்டியதை நாலாம் அத்தியாயத்திலேயே நடத்திவிட்டீர்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். தான் எடுத்துக்கொள்ளப்பட்டால் வீட்டுப் பூனைக்கு யார் சாப்பாடு போடுவார்கள் என்று ஒரு பெண் கேட்டாள், அதுவும் அவசரப் பதில் வேண்டுமென்று. ஓட்டுநர் மறைந்து பஸ் கவிழும் காட்சியைக் கண்டித்து ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் எழுதினார்: "எங்களில் அத்தனை பேர் பரலோகம் போவோம் என்று நம்பியதற்கு நன்றி, ஆனால் ஹேண்ட் பிரேக் போடாமல் யாரும் போக மாட்டோம்." கமா அக்கா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அதைத் தட்டச்சு செய்தாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஐந்தாம் அத்தியாயம் வரும்வரைக்கும்.

அதைச் சொல்வதற்கு முன் அவளுடைய மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, பவுடர் போடுவது, முதுகில் புண் வந்துவிடாமல் பார்ப்பது எல்லாம் மருமகள்தான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊராரை மேலே தூக்கிக்கொண்டு திரிந்தாரே தவிர, பெற்ற தாயைக் கட்டிலில் தூக்கி உட்கார வைக்க அவருக்குக் கை வராது. பயமாம். ஒரு நாள் மத்தியானம் கமா அக்கா ஒரே விரிப்பை மறுபடியும் மறுபடியும் அலசி, குழாயடியில் அப்படியே உட்கார்ந்து, "ஆண்டவரே, எடுத்துக்கோங்க, என்னால முடியல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சில நாளில் அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தார்.

இதை அவள் டீச்சரிடம் மட்டும்தான் சொன்னாள். அதுவும் ஜெபக் குறிப்பாக. சபைக்காரர்களுக்கு இது தெரியும். வெளியே சொல்ல முடியாத எதையும் ஒருவரிடம் சொல்லி, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றால் போதும், அது வம்பாகாது, குறிப்பாகிவிடும். டீச்சர் அன்று கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தேம்பித் தேம்பி அழுதாள். தன் பாரம் பாதி இறங்கிவிட்டதாக கமா அக்கா நினைத்தாள். எங்கே இறங்கியது என்று யோசிக்கவில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு மருமகள் வருகிறாள். குழாயடியில் விரிப்பை அலசுகிறாள். ஆண்டவரே, எடுத்துக்கோங்க என்கிறாள். எக்காளம் ஊதுகிறது. உள்ளே ஓடிப் பார்த்தால் கட்டிலில் மாமியாரின் நைட்டி மட்டும் கிடக்கிறது, பொத்தான்கூடக் கழலவில்லை. இவள் கேட்டபடியே மாமியார் எடுத்துக்கொள்ளப்பட்டாள். இவள் கைவிடப்பட்டாள்.

தட்டச்சுப் பலகையில் கை நின்றுவிட்டது. முன்னறையில் எடிட்டர் இருமினார். கீழே யாரோ செருப்பு பேரம் பேசினார்கள். கமா அக்காவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நிர்வாணமாகத் தெருவில் நிற்பது போல இருந்தது. ஆனாலும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள். பல்லைக் கடித்துக்கொண்டு அத்தியாயத்தை முடித்தாள், ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாமல்.

கோபத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது. வீட்டுக்காரர் அந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். தன் அம்மா சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டவளோடு ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால்? அந்த மாசம் இதழை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அச்சு சரியில்லை, திருப்பி அனுப்பிவிட்டோம் என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டுச் சட்டையில் படிந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கடிதங்கள் வந்தன. பூனைக்காரி, ஓட்டுநர், கணக்குச் சண்டைக்காரர் எல்லோரும் மற்றதையெல்லாம் மறந்துவிட்டு மருமகள் மேல் பாய்ந்தார்கள். இப்படிப்பட்டவள் கைவிடப்பட்டது நியாயமே என்றார் ஒருவர். கடைசி அத்தியாயத்தில்கூட இவளுக்கு இரக்கம் காட்டாதீர்கள், மருமகள்களுக்கு இது பாடமாக இருக்கட்டும் என்றாள் ஒரு மாமியார். "நரகத்துக்குப் போகட்டும்" என்று ஒரு வாலிபர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதை கமா அக்கா "மனந்திரும்பட்டும்" என்று மாற்றிப் போட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாசகரின் சொல்லை அவள் மாற்றியது அதுதான் முதல் தடவை. அந்த மருமகள் படுத்த படுக்கையாகக் கிடந்தவளை எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைத்தாள் என்று ஒருவராவது கேட்பார் என்று ஒவ்வொரு உறையாகக் கிழித்துப் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. கதையில் அது எழுதப்படவே இல்லையே, எப்படிக் கேட்பார்கள்?

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஏழாம் அத்தியாயம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

கைவிடப்பட்ட மருமகள் பழசையெல்லாம் நினைத்துப் பார்க்கிறாள். மாமியார் தண்ணீர் தண்ணீர் என்று கூப்பிடுகிறார். அந்தச் சத்தம் காதில் விழக்கூடாதென்று மருமகள் ரேடியோவைக் கூட்டி வைக்கிறாள். ரேடியோவின் திருகு உடைந்திருக்கிறது, குறடு வைத்துத் திருகுகிறாள்.

நடந்ததுதான். ஒரே ஒரு நாள். ஆனால் இதை அவள் டீச்சரிடம் சொல்லவில்லை. ஆண்டவரிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததுமே பேனாவை மூடி வைத்தாள்.

"உக்காரும்மா. தெரியும், நீ வருவேன்னு."

"தெரிஞ்சா எழுதினீங்க?"

"அது நீ இல்ல கமா. அது ஒரு பாத்திரம்."

"பாத்திரம்னா கழுவிக் கவுத்து வைக்கணும் டீச்சர். நடுத்தெருவுல போட்டு உருட்டக்கூடாது."

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "எத்தனை வீட்டுல நடக்குது இது. படிக்கிறவங்க திருந்தணும்னுதான் எழுதினேன். இங்க பாரு, கடைசி அத்தியாயம் இன்னும் எழுதல. வாசகருங்க அவளை விடாதீங்கன்னுதான் சொல்றாங்க. ஆனா உனக்காக வேணும்னா அவ ரட்சிக்கப்படுற மாதிரி முடிச்சிடறேன். எப்படி வேணும் சொல்லு."

ரவிக்கைக்கு அளவு கேட்பது போலக் கேட்டாள். கமா அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் இவள் முன்னால் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

"ரேடியோ விஷயம் யார் சொன்னது?"

"அது கற்பனை."

"குறடுமா?"

டீச்சர் தாள் கட்டைத் தட்டித் தட்டி ஓரம் சேர்த்தாள். "அது வேற ஒருத்தர் குடுத்த ஜெபக் குறிப்பு. யாருன்னு நான் சொல்லக்கூடாது. ரகசியம்."

ரகசியம் காக்கிற லட்சணத்தைப் பார்! கமா அக்கா எழுந்துவிட்டாள். யார் என்று டீச்சர் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வீட்டில் அப்போது குடியிருந்ததே மூன்று பேர்தான். ஒருத்தி செத்துப் போனாள். ஒருத்தி இவள்.

வீட்டுக்காரர் சமையலறை மேஜையில் ஒரு சின்ன மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திருகாணிகளை ஒரு மூடியில் போட்டு வைத்திருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர்கிட்ட ரேடியோ விஷயத்தை நீங்கதானே சொன்னீங்க?"

அவர் நிமிரவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்கிற ஜாதி இல்லை, அதுதான் கஷ்டம்.

"ஜெபத்துக்காகச் சொன்னேன்" என்றார். "மனசு ஆறல. அன்னிக்கு சீக்கிரம் வந்துட்டேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. அம்மா தண்ணி கேட்டுட்டே இருந்தாங்க. நீ குறடால திருகிட்டு இருந்தே."

"அஞ்சாம் அத்தியாயமும் படிச்சாச்சா?"

"பக்கத்து சைட்ல வாட்ச்மேன்கிட்ட வாங்கிப் படிச்சேன்."

"அது நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? இத்தனை வருஷமா ரேடியோ பத்தியும் கேக்கலையே?"

அவர் ஒரு திருகாணியை எடுத்துப் பார்த்துவிட்டு மூடியில் போட்டார். "கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அவளுக்கு ஒரு நொடி அவர் மேல் பாவமாகக்கூட இருந்தது. மாசக்கணக்கில் அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று அவள் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாள். அவரோ தெரிந்துகொண்டே எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டும் சாப்பிட்டிருக்கிறார். பாவம் பார்த்தது அந்த ஒரு நொடியோடு சரி. அவர் சொன்னதில் ஏதோ ஒன்று இடறியது. கதவு திறந்திருந்தது. அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்க உள்ள வந்து தண்ணி குடுத்தீங்களா?"

அவர் திருகாணி மூடியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்கு வழக்கமா வர்ற நேரத்துக்குத்தானே வீட்டுக்கு வந்தீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையில பழம் வாங்கிட்டு வந்தீங்க. அப்போ வாசல்ல நின்னு பாத்துட்டு, அப்படியே திரும்பிப் போயிட்டீங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"நீங்க வாசல்ல நின்னதை டீச்சர்கிட்ட சொன்னீங்களா? அதையும் குறிப்புல சேத்தீங்களா?"

கதையில் வாசலில் நின்ற மகன் யாரும் இல்லை. ஏழு அத்தியாயத்தையும் தன் கையால் அடித்தவளுக்கு அது தெரியாதா? கதையில் மகன் நல்லவன். எக்காளம் ஊதிய அந்த நொடியே, வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து, அம்மாவோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டான்.

கமா அக்கா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். இன்னொரு நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அவள் உட்காரவில்லை. பின்பக்கத்து அறைக்குப் போய்த் தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, மாமியார் படுத்திருந்த அறையில் கொண்டுபோய்ப் போட்டாள். விரிப்பை இழுத்து விட்டாள். அவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"கடைசில அந்த மருமக என்ன ஆவா?"

மன்னிப்புக் கேட்பாரோ என்று நினைத்துத் திரும்பியவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்கிறார் மனுஷன்.

"அதையும் டீச்சர்கிட்டயே போய்க் கேளுங்க" என்றாள்.