பிலாத்து வருமுன்னே ஆமென்

கையில் கிரீஸ் வாடை, மூக்கில் சாம்பிராணி வாடை... இரண்டும் கலந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு இத்தாலியின் ஜெனோவா துறைமுகம்தான் ஞாபகம் வரும்.

கப்பலில் டெக் வேலை பார்த்த காலம். தூத்துக்குடிக்காரன் நான், மணப்பாட்டுக்காரன் சிலுவை, மிச்சப் பேரெல்லாம் பிலிப்பைன்ஸ்காரர்கள். எங்களுக்கு மேலே போலந்துக்காரர் ஒருவர், சீஃப் ஆபீசர். ஆள் நம்ம லைட்ஹவுஸ் உயரம். கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் அரை அடி குறைத்துக்கொள்ளுங்கள்.

கிரேன் ரிப்பேரில் கப்பல் அங்கேயே நின்றுபோனது. அடுத்த வார ஞாயிறு அந்த ஊர் ஃபாதர் கப்பலுக்கே வந்து பூசை வைப்பதாக ஏற்பாடு. பொறுப்பு சீஃபுக்கு. "விசுவாசப் பிரமாணத்தை நீ முன்னால் நின்று உன் பாஷையில் சொல்லு, மற்றவர்கள் அவரவர் பாஷையில் சேர்ந்துகொள்ளட்டும்" என்றார். கடவுளை நம்புகிறேன் என்று பூசையில் எல்லோரும் எழுந்து நின்று சொல்கிற ஜெபம் அது; இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்துவின் பெயர் நடுவில் வரும். ஏன் என்னை? கப்பலிலேயே பெரிய தொண்டை என்னுடையது. நான் கூப்பிட்டால் இன்ஜின் ரூமில் இருப்பவன் மேலே வருவான்.

உடனே டெலிபோன் பூத்துக்கு ஓட்டம். வீட்டில் ரெஜினா எடுத்தாள்.

"ஏளா, போப்பாண்டவர் நாட்டுல நான் பிரமாணம் சொல்லப் போறேன்!"

"நெசமாவா? இருங்க, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வாரேன்."

போனை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். இங்கே கார்டு தீர்ந்துகொண்டிருக்கிறது... அங்கே தெருவே கலகலக்கிறது.

மறுநாள் ஞாயிறு; கப்பல் பூசைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சீஃப் எங்களை ஊருக்குள் இருந்த கோயிலுக்குக் கூட்டிப் போனார். அம்மாடி, என்ன கோயில்! நம்ம மாதா தேரை உள்ளேயே விட்டு ஒரு சுற்றுச் சுற்றலாம்.

பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் எழுந்து பிரமாணம் சொன்னார்கள். நானும் சிலுவையும் தமிழில் சொன்னோம். நம்ம கடற்கரையில் ஆமென் என்றால் அலைக்குக் கேட்க வேண்டும், இல்லையென்றால் அது ஆமெனே இல்லை.

"ஆஆமென்!"

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நாங்கள்தான் முடித்திருந்தோம். அவர்கள் இன்னும் பிலாத்துகிட்டேயே வரவில்லை!

"அண்ணே, இவனுவ என்ன இம்புட்டு மெதுவாச் சொல்லுதானுவ?" என்றான் சிலுவை.

"பேசாம நில்லுலே. சீஃப் மொறைக்காரு."

விஷயம் இதுதான். பிரமாணத்தில் இரண்டு உண்டு. அப்போஸ்தலர் பிரமாணம் குட்டை. நிசேயா பிரமாணம் நெட்டை. நம்ம ஊரில் ஞாயிற்றுக்கிழமை குட்டை. இத்தாலியிலும் போலந்திலும் நெட்டை. இது எங்களுக்கு எங்கே தெரியும்? உலகம் முழுக்க ஒரே அளவு என்றல்லவா நினைத்திருந்தோம்!

கப்பலுக்குத் திரும்பியதும் சீஃப் பிடித்துக்கொண்டார். "உங்கள் பிரமாணம் பாதிதானா? மீதி வருகிற வழியில் கடலில் விழுந்துவிட்டதா? ஞாயிறு பூசைக்கு முழுசுதான் வேண்டும். நானே சொல்லிக்கொள்கிறேன்."

அன்றைக்குச் சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன்.

"அண்ணே, மைனி தெரு பூராச் சொல்லியிருக்குமே... ஊருக்குப் போனா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பிய?"

"ஏலே, நீ வேற எரியுத தீயில எண்ணெய ஊத்தாத."

பிலிப்பைன்ஸ் குக் எங்கள் கட்சி. "எங்கள் நாட்டிலும் குட்டைதான் சார்" என்றார். சீஃப் அசையவில்லை.

சனிக்கிழமை வரை அப்படியே போனது. அன்று மெஸ்ஸில் சாப்பிட உட்காரும்போது என் கழுத்து ஜெபமாலை சட்டைக்கு வெளியே வந்து விழுந்தது. அதைப் பார்த்ததும் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இந்த மண்டை எட்டாம் வகுப்பைத் தாண்டாத மண்டை, ஆனால் தேவையான நேரத்தில் ஓடும்!

ஜெபமாலையைக் கழற்றி சீஃப் கையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். "சீஃப், உங்க வீட்ல ஜெபமாலை சொல்லும்போது இந்தச் சிலுவையப் புடிச்சிக்கிட்டு மொதல்ல என்ன சொல்லுவீங்க?"

அவர் மாலையின் நுனியில் இருந்த சிலுவையைப் பிடித்தார். போலந்து பாஷையில் உதடு அசைந்தது. சிறிது தூரம் போனதும் பிலாத்துவின் பெயர் என் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச தூரம்... ஆமென் என்று நின்றார்.

குட்டை!

மெஸ்ஸே சிரித்தது. சீஃபும் சிரித்துவிட்டார். "எங்கள் அம்மா இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தாள். நாளைக்கு எல்லோரும் இதையே சொல்வோம், நீயே முன்னால் நில்லு" என்றார். அந்த லைட்ஹவுஸ் கண்ணில் தண்ணீர் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஞாயிறு டெக்கில் பூசை. பிரமாணத்துக்கு நான் முன்னால் நின்றேன். தமிழ், பிலிப்பைன்ஸ் பாஷை, போலிஷ், ஃபாதருடைய இத்தாலியன்... எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பிலாத்துவைத் தாண்டின. ஒரே ஆமென். பக்கத்துக் கப்பல்காரன் பயந்துபோய் ஹாரன் அடித்தான். சிலுவை சாட்சி.

பூசை முடிந்ததும் ரெஜினாவுக்கு போன் போட்டேன்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்ளா. போலந்துக்காரனும் என் பின்னால சொன்னான்."

"இருங்க, சொல்லிட்டு வாரேன்..."

இப்போது எல்லாம் கைக்குள் வந்துவிட்டது. எந்த நாட்டில் எது சொல்கிறார்கள் என்று பேரன் போனைத் தடவிச் சொல்லிவிடுகிறான். வீடியோ கால் வேறு. ஆனால், போனைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறவர்கள் யாரும் இல்லை. சீஃப் எங்கே இருக்கிறாரோ... நம்பர் வாங்கிக்கொள்ளாமல் இறங்கிவிட்டேன்.

போன தடவை அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கோயிலில் நெட்டை. மகள் முன்கூட்டியே காதைக் கடித்தாள்: "அப்பா, இங்க வந்து ஆமென்னு கத்திராதிய."

கத்தவில்லை. நம்ம குட்டையைத் தமிழில் மெதுவாகச் சொல்லி முடித்தேன். அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

நேரம் கிடந்தது. சீஃப் பேரில் இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் முடிந்த பிறகுதான் அவர்கள் ஆமெனுக்கு வந்தார்கள்.