நாற்பத்தொரு சீட்டு

அன்றைக்கு நான் வேலை பார்க்கும் மந்தைவெளி வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியம் மூன்று மணி வரை நான் ஒருத்திதான். மூன்று மணிக்கு மேல் நான், சார், மாமி. ஐந்து மணிக்குக் கல்லூரியிலிருந்து வேனில் ஒருவர் வந்தார். வேறு யாரும் வரவில்லை, வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது, அதை நானே இரண்டு முறை பார்த்தேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இருந்ததே இல்லை. பயந்தவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. காஸை மூடினோமா, பஸ்ஸில் சில்லறை வாங்கினோமா, பெரும்பாக்கத்தில் என் வீட்டில் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு வந்தோமா என்று நாள் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். இருக்கிற கவலைக்கே நேரம் போதாதபோது ஆவிக்கு எங்கே போவது?

சார் கல்லைப் படித்தவர். எப்போதோ கடலாக இருந்து இப்போது அரியலூர்ப் பக்கம் காய்ந்த ஓடையாகக் கிடக்கிற மண்ணில், சுருண்டு கிடக்கும் நத்தைக் கல்லைத் தேடித் தேடி எடுத்தவர். அம்மோனைட் என்பார். உள்ளே இருந்த உயிர் போய், ஓடு அப்படியே கல்லாகிப்போனது. கல்யாணமான புதிதில்கூட கோடை முழுக்க ஓடையில்தான் இருந்தாராம். "நான் ஆத்துல தனியா கெடப்பேன், இவர் நத்தையோட குடித்தனம் பண்ணுவார்" என்று மாமி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அப்படி எடுத்ததில் ஒரு கல் உலகத்தில் யாருமே பார்க்காத ஜாதியாம். அதைப் பற்றி எழுதித்தான் சாருக்குப் பேர் வந்தது, வேலை உயர்ந்தது, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் இந்த வீட்டு மாடிப்படி ஏறினார்கள்.

நான் செவ்வாய், வெள்ளி போய்க் கல்லைத் துடைப்பேன். ஆறாவதோடு நின்ற எனக்குச் சார் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அட்டைத் தட்டு, கல்லுக்கு அடியில் ஒரு சீட்டு. எந்த இடம், எந்த நாள், எடுத்தது யார் என்று அதில் இருக்கும். கல்லைத் தூக்கலாம், சீட்டை அசைக்கக்கூடாது. "சீட்டு போச்சுன்னா இது வெறும் ஜல்லி, தேவகி" என்பார். பின்னால் எடுத்த கற்களில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரே எழுதியிருக்கும். ஆரம்ப வருஷங்களில் எடுத்த நாற்பத்தொரு கல் மட்டும் கீழ் டிராயரில் வெறும் சீட்டோடு இருந்தது.

அன்று சாருக்கு இரண்டாவது கண்ணில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாள். மாமியும் முந்தின நாளே துணைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார், வீட்டுச் சாவி என்னிடம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரி வேன் வந்து, சார் தானமாகக் கொடுத்துவிட்ட மொத்தக் கல்லையும் எடுத்துப்போகும் ஏற்பாடு. நான் காலையில் கதவைத் திறந்தால் ஜன்னல் திறந்து கிடக்கிறது, இரவு பெய்த மழை முழுக்கக் கீழ் டிராயரில். முந்தின நாளும் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள், காஸை மூன்று முறை பார்த்துவிட்டு ஜன்னலை ஒரு முறைகூடப் பார்க்காமல் போயிருக்கிறேன்.

கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். சீட்டெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடந்தது. டிராயரில் இருந்த வரிசை மாறாமல் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஃபேனை ஒன்றில் வைத்தேன். ஈரத் தாள், மேசையில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சரி என்று நிம்மதியானபோதுதான் காஸ் வாசனை வருகிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். திரும்ப வந்து, மறுபடி போய்ப் பார்த்தேன். மூன்றாவது முறை பார்த்துவிட்டு வந்தால் சீட்டெல்லாம் காய்ந்து, நாற்பத்தொன்றும் கூடம் முழுக்கப் பறந்துகொண்டிருக்கிறது.

பொறுக்கி எண்ணினேன். நாற்பத்தொன்று. இன்னும் இரண்டு முறை எண்ணினேன். சரிதான். ஆனால் எது எந்தக் கல்லுடையது? உட்கார்ந்து அழுதேன். ஒரு மனுஷருடைய வாழ்நாள் உழைப்பை அரை மணியில் ஜல்லியாக்கிவிட்டேனே, கண்ணில் கட்டோடு வருகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று.

ஏதோ ஒரு சீட்டை எடுத்து ஏதோ ஒரு கல்லுக்கு அடியில் வைத்தேன். அடுத்த கல், அடுத்த சீட்டு. நான்காவதோ ஐந்தாவதோ, சீட்டின் ஓரம் மெல்லக் கருத்தது. ஈரம். கல்லில் மழைத்தண்ணீர் மிச்சம் இருக்கும் என்று கல்லைப் புடவையில் அழுத்தித் துடைத்தேன், புடவை நனையவில்லை. அதே கல்லுக்கு அடியில் வேறு சீட்டை வைத்தேன், காய்ந்தே இருந்தது. பழையதை வைத்தேன், ஈரம். நீங்கள் சிரிப்பீர்கள், நானும் அப்போது சிரித்தேன், பயத்தில் வருகிற சிரிப்பு. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மழைத்தண்ணீர் எந்த ஊரில் உப்புக் கரிக்கும்?

சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை. அடுத்தது எதுவாக இருக்கும் என்று பார்க்கிற ஆசைதான். வைப்பேன், காத்திருப்பேன், ஈரம் வந்தால் அதுதான் அந்தக் கல்லின் சீட்டு என்று தட்டில் சேர்ப்பேன். சாப்பிடக்கூட இல்லை, காஸ் ஞாபகமே வரவில்லை. கடைசிக் கல், உள்ளங்கை அளவு பெரியது, சார் பேர் வாங்கின கல், அதற்கு மிஞ்சியிருந்த ஒரே சீட்டை வைத்து, ஓரம் கருத்ததைப் பார்க்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மாமி என்னைப் பார்த்ததுமே, "ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? காஸ் லீக்காறதா?" என்றார்.

"காஸ் நல்லாத்தான் கீது மாமி" என்றேன்.

சார் ஒரு கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு கண்ணிலும் எழுத்துப் படிக்கிற அளவு பார்வை இல்லை. "கடைசியா ஒரு தரம் தொட்டுப் பாத்துடறேன். தேவகி, நீ கல்லைக் குடு" என்றார். "நீ சீட்டைப் படி" என்று மாமியிடம் சொன்னார்.

ஒவ்வொரு கல்லாக எடுத்து நீட்டினேன். சார் கல்லை வாங்கிக் கட்டை விரலால் வரிகளைத் தடவுவார், இடத்தைச் சொல்வார், எடுத்த ஆள் பேரைச் சொல்வார். மாமி சீட்டைப் பார்த்து, "சரி" என்பார். ஒன்று சரி. பத்து சரி. நாற்பதும் சரி.

"உங்களுக்கு நம்ம கல்யாணத் தேதி மட்டும்தான் ஞாபகம் இருக்காது" என்றார் மாமி.

கடைசியாகப் பெரிய கல்லைக் கொடுத்தேன். சார் அதை விரலால் தடவவே இல்லை, கனத்திலேயே தெரிந்துவிட்டது. "காரை ஓடை. நான்" என்றார்.

மாமி சீட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "காரை ஓடைதான். ஆனா உங்க பேர் இல்லையே. அந்தோணின்னு போட்டிருக்கு. யார்னா அது? கையெழுத்து உங்களோடதுதான்."

சார் கையை நீட்டினார். மாமி சீட்டைக் கொடுத்தார். சார் அதை விரல் நடுவில் வைத்துத் தேய்த்து, "ஈரமா இருக்கே" என்றார்.

"நான்தான் சார், ஜன்னல சாத்தாம போயிட்டேன்..." என்று எல்லாவற்றையும் கொட்டினேன். மழை, ஃபேன், பறந்தது, உப்பு. திட்டுவார் என்று நின்றேன்.

"தப்பா வெச்சுட்டாளோ?" என்றார் மாமி.

"இல்லை. சரியாத்தான் வெச்சிருக்கா" என்றார் சார். பிறகு சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்தோணி எங்க ஜீப் டிரைவர். ஓடையில கொஞ்சம் தேங்கியிருந்த தண்ணில டிபன் பாக்ஸ் அலம்பப் போன எடத்துல இதைப் பாத்தான். 'இந்தாங்க சார் உங்க நத்தை'ன்னு சிரிச்சுண்டே கொடுத்தான். அவன் பேரைத்தான் சீட்டுல எழுதினேன். அன்னிக்கு ராத்திரி வேற சீட்டு எழுதினேன். அவன் கடைசிவரைக்கும் கேக்கவே இல்லை. போயும் சேந்துட்டான்" என்றார்.

"அப்போ இது பழைய சீட்டா?" என்றார் மாமி.

"அதை நாலாக் கிழிச்சு ஓடைத் தண்ணில விட்டேன்."

மாமி சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கிழிந்த அடையாளம் இல்லை, மடித்த கோடுகூட இல்லை.

சார் பேர் போட்ட சீட்டை வீடு முழுக்கத் தேடினேன். பீரோவை நகர்த்தினேன், ஃபேன் இறக்கை மேல்கூடப் பார்த்தேன். நான் மூன்று முறை எண்ணிய நாற்பத்தொன்றில் அது இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வேனில் வந்தவர் எல்லாவற்றையும் ஏற்றும்போது அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார், புத்தகத்துல நீங்க எடுத்ததாத்தானே இருக்கு?" என்றார்.

"புத்தகம் தப்பு. சீட்டுல இருக்கறதை எழுதிக்கோங்கோ. நானும் கடுதாசி போடறேன்" என்றார் சார். மறுநாளே மாமியை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான்தான் தபாலில் சேர்த்தேன். பெட்டிக்குள் விழுந்ததா என்று கையை விட்டுப் பார்த்தேன்.

இப்போதும் செவ்வாய், வெள்ளி போகிறேன். கல் எதுவும் இல்லை, காலி அலமாரிதான். கீழ் டிராயரில் விரித்த செய்தித்தாளில், பெரிய கல் இருந்த இடம் மட்டும், சித்திரை வெயிலிலும் உள்ளங்கை அளவுக்கு நனைந்திருக்கும். தாளை மாற்றுவேன். அடுத்த முறை போனால் அதே இடம், அதே அளவு. டிராயர் இழுக்கிற சத்தம் கேட்டதும் சார் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்.

"காஞ்சுடுத்தா, தேவகி?"

"காஞ்சிடுச்சு சார்" என்பேன். ஈரத் தாளைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கைக்கு எட்டாத தூரமாகப் பார்த்துச் சமையலறைக்குப் போய்விடுவேன்.