நாங்க வேற, நாம வேற

"அப்பா, அடுத்த மாசம் நாங்க கடலோர ரோட்டுல கார்லயே ஒரு வாரம் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம்" என்றாள் மகள், வெங்காயம் உரித்தபடியே.

அவ்வளவுதான். அடுப்படியில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. விழுந்தது அம்மாவின் கையிலிருந்து. மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள், அம்மா மகளை முறைத்தாள். "நாங்கன்னா... நாமதான்பா. நாம எல்லாரும்தான்" என்று மகள் அவசர அவசரமாகத் திருத்தினாள்.

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் "சரிம்மா, பேஷா போலாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருப்பார். இவர் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பூதக்கண்ணாடியிடமா இந்த வேலை!

பூதக்கண்ணாடி என்பது ஒர்க்‌ஷாப்காரர்கள் வைத்த பெயர். அடிபட்டு வருகிற வண்டிகளைப் பார்த்து, விபத்து எப்படி நடந்தது, வண்டிக்காரன் சொல்வது நிஜமா புளுகா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுக்கிற சர்வேயர் அவர். தலை நரைக்கிற வரைக்கும் அதே வேலை. குறுக்கே நாய் வந்தது என்பான் ஒருத்தன், கண்ணில் பூச்சி விழுந்தது என்பான் இன்னொருத்தன். இவர் பதிலே பேசமாட்டார். குனிவார், மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் போவார், பெயிண்டை நகத்தால் சுரண்டி மோந்து பார்ப்பார். ஒரு தடவை கட்டில் கடை முதலாளி ஒருவர், "நான்தான் சார் ஓட்டினேன், என் சம்சாரத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே தெரியாது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஆள் ஆறடி. டிரைவர் சீட்டோ ஸ்டியரிங்கை முட்டுகிற மாதிரி முன்னால் இழுத்து வைத்திருந்தது. "கொஞ்சம் ஏறி உக்காந்து காட்டுங்களேன்" என்றார் இவர். முதலாளி பாதி ஏறி, முட்டி மாட்டிக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் திருதிருவென்று முழித்தார்.

வேலையில் இது கெட்டிக்காரத்தனம். வீட்டில் வியாதி. மகள் பிறந்தபோது குழந்தை கையில் கட்டியிருந்த நம்பரையும் அம்மா கையில் கட்டியிருந்த நம்பரையும் மறுபடி மறுபடி ஒத்துப் பார்த்தவர் அவர். மாப்பிள்ளை முதன்முதலில் வீட்டுக்கு வந்த அன்று, வாங்க என்று சொல்வதற்கு முன்னால் வாசலுக்குப் போய் அவருடைய பைக் டயரைப் பார்த்தார். ஓரத்தில் தேய்ந்திருந்தது. "பையன் சாஞ்சு சாஞ்சு எங்கேயோ பறக்கறான்" என்று தீர்ப்பு வேறு. மகள் ரெண்டு நாள் பேசவில்லை. "தன் நிழல் பின்னால வந்தாலே யாருடான்னு கேக்கற மனுஷன்" என்பாள் மனைவி.

தொழிலில் அவர் நம்பிய வேதம் ஒன்றே ஒன்று. வாயிலிருந்து முதலில் விழுவது நிஜம், ரெண்டாவதாக வருவது ஜோடனை. அதன்படி பார்த்தால் மகளின் "நாங்க" நிஜம், "நாம" ஜோடனை. நாங்க என்றால் கேட்கிற ஆள் வெளியே, நாம என்றால் உள்ளே. பேச ஆரம்பித்த குழந்தைகூட இதில் தடுமாறாது. மருந்துக் கடையில் ஒரே மாதிரி டப்பாக்களுக்கு நடுவே வேலை பார்க்கிற பெண் தடுமாறுவாளா? "நாமன்னு சொல்லி எனக்கே நாமம் போடறாங்களே" என்று முணுமுணுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அவருக்கும் போகவேண்டும் என்று ஆசைதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடலோர ரோடு அவருக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. எத்தனையோ தடவை போயிருக்கிறார், எல்லாம் விழுந்த வண்டியைப் பார்க்கத்தான். பிரேக் போட்ட தடம் எத்தனை நீளம், தடுப்புச் சுவர் எங்கே பெயர்ந்தது என்று தரையைப் பார்த்தே வேலை முடிந்துவிடும். "அங்க கடல் எப்படிங்க இருக்கும்?" என்று ஒரு நாள் மனைவி கேட்டதற்கு, "சுவரோட உயரம் பத்தாது" என்று பதில் சொன்னார்.

மகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு அந்த ரோட்டில் போனார்கள். வாடகை வண்டி. இவர் முன் சீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தார். "இந்த வளைவுலதான் புதுசா கல்யாணம் ஆன ஜோடி." "இங்கதான் அந்தப் பால் வண்டி." "இங்க மூணு பேர், ஒருத்தரைக் கடைசி வரைக்கும் எடுக்கவே முடியல." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மகள் பின்னால் அழ ஆரம்பித்தாள். மனைவி கண்ணை இறுக மூடியவள் திறக்கவே இல்லை. பாதி வழியில் டிரைவரே, "ஐயா, என்னால முடியல, திருப்பிடறேன்" என்று திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கடல் என்ற வார்த்தையை எடுத்ததில்லை.

இப்போது எடுக்கிறார்கள் என்றால்? நெருப்பில்லாமல் புகையுமா?

அவர் கண்காணிப்பை ஆரம்பித்தார். சாப்பாட்டு மேஜையில் பெரிய மேப் ஒன்று விரித்திருந்தது. இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அதன்மேல் துவைத்த துணி வந்து விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களாம்! மனைவி காபியைக் கொடுத்துக்கொண்டே, "அந்த வாரம் உங்களுக்கு வேலை ஜாஸ்தி இருக்குமில்ல?" என்று கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருடைய வேலையைப் பற்றி அவள் விசாரித்ததே கிடையாது. மாப்பிள்ளையோ எதிரில் வந்தாலே வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு மாமா" என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே மனைவியின் வாக்கிங். சாயங்காலமானால் புது ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். இடது ஷூ கடையில் வாங்கிய மாதிரி அப்படியே இருந்தது. வலதில் மட்டும் குதிகாலின் ஓரம் வட்டமாகத் தேய்ந்திருந்தது. நடக்கிறவளுக்கு ரெண்டும்தானே தேயும்? ஒற்றைக் காலில் நொண்டி விளையாடப் போகிறாளா என்ன? முப்பது வருஷம் ஊரான் பொய்யைத் தோண்டியவர், தன் வீட்டு ஷூவைத் திருடன் மாதிரி இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த தெருவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை ஏசி மெக்கானிக், லீவு நாளில்தான் காரைக் கழுவுவார். "வாங்க மாமா, மழை..." என்று ஆரம்பித்தவரைத் தாண்டிப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார்.

சீட் ஸ்டியரிங்கை முட்டுகிற மாதிரி முன்னால் இழுத்திருந்தது. அதன்மேல் ஒரு சின்னத் தலையணை.

மாப்பிள்ளை நெட்டை. மகளும் அப்பா உயரம். அந்தக் குடும்பத்தில் குட்டையான ஆள் ஒருத்திதான். குதிகாலை ஒரே இடத்தில் ஊன்றி, பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் மாறி மாறித் திருப்பினால் ஷூ அப்படித்தான் தேயும். எல்லாம் புரிந்தது. ஆனாலும் வாயால் வரவேண்டுமே. தொழிலில் இதற்குப் போட்டு வாங்குவது என்று பெயர்.

"மாப்பிள்ளை, உங்க அத்தை இன்னமும் கிளட்ச்சைப் படக்குனுதான் விடறாளா?"

"சேச்சே, இல்ல மாமா, இப்பெல்லாம் வெண்ணெய் மாதிரி..." என்று சொன்ன மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த பைப் தண்ணீர் அவருடைய காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"மேல சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. லைசென்ஸும் வாங்கியாச்சு. முதல் தடவை பெயில், ரெண்டாவது தடவை பாஸ். அந்தக் கடலோர ரோட்டைத் தானே ஓட்டிப் பாக்கணும்னு அத்தைக்கு ஆசை. நாங்க ரெண்டு பேரும் கூடப் போறோம், அவ்வளவுதான்."

"நான்?"

மாப்பிள்ளை பைப்பை மூடினார். மறுபடி திறந்தார். "அத்தைதான் சொன்னாங்க மாமா. அவர் பக்கத்துல உக்காந்தா எனக்கு ரோடு தெரியாது, பொணம்தான் தெரியும்னு." உடனே, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினார்.

வீடு அஞ்சு நிமிஷ நடை. அன்றைக்கு அவருக்கு அது தீரவே இல்லை. கண்டுபிடித்தால் எப்போதும் வயிற்றில் ஒரு குளுமை வரும், இந்தத் தடவை வரவில்லை. எவனாவது அவள் மனசைக் கெடுத்துவிட்டானா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று தேடித் தேடிப் போனவர், கடைசியில் குற்றவாளி வீட்டு வாசலில் வந்து நின்றால் அது தன் வீட்டு வாசல். அவளிடம் எந்தத் தப்பும் இல்லை. அழுகைதான் வந்தது, அழத் தெரியாததால் இருமினார்.

ஒரு வார்த்தை சொன்னால் பயணத்தையே நிறுத்திவிடலாம். சொல்வதற்குக் காரணமும் இருந்தது. அந்த ரோட்டில் வெள்ளைச் சுவர் வளைவு என்று ஒன்று உண்டு, அங்கே விழுந்த வண்டியை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை. அங்கே போய் அவள் ஓட்டுவதா? பயம் ஒரு பக்கம் இழுத்தது, அந்தப் பொணம் என்ற வார்த்தை ஒரு பக்கம் இழுத்தது.

சாப்பிடும்போது, "அந்த வாரம் எனக்கு வேலை இருக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

மனைவி கரண்டியை வைத்தாள். "என்ன வேலை?"

"ஒரு லாரி கேஸ்."

"எங்க?"

"வடக்கே."

"வடக்கேன்னா எங்க? யாரு லாரி?"

அவர் தண்ணீர் குடித்தார். ஊரெல்லாம் புளுகின பொய்யைக் கிழித்தவருடைய சொந்தப் பொய் நாலு கேள்விக்குத் தாங்கவில்லை. அவள் அவருடைய முகத்தை ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற வண்டியைப் பார்ப்பது மாதிரி மேலும் கீழும் பார்த்தாள். இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்றுதான் தெரியவில்லை. "சரி" என்றாள். அன்றிலிருந்து அவர் போனில் பேசினால் அவள் வந்து கதவோரம் நின்றாள்.

கிளம்புகிற நாள் காலையில் மாப்பிள்ளைதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் ஒரு பக்கம் மகள், நடுவிலும் மறுபக்கமும் பைகள். டயரைத் தட்டிப் பார்க்கத் துடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் பூதக்கண்ணாடி. எண்ணெய், பிரேக், ஸ்டெப்னி எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்றார்.

முன் சீட்டில் இருந்த மனைவிக்குச் சுருக்கென்றது. "தெரியும், ரோட்டைத்தானே?"

"கடலைச் சொன்னேன்" என்றார்.

அவள் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டே போனாள். மாடிக்கு ஓடிப் போய் எட்டிப் பார்த்தார். தெருமுனையில் கார் நின்றது. ரெண்டு கதவும் திறந்தன. மனைவி புடவையைச் சொருகிக்கொண்டு முன்னால் சுற்றி வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். இன்டிகேட்டர் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், கிளட்ச்சை நிதானமாக விட்டாள். கார் வெண்ணெய் மாதிரிதான் போயிற்று.

அந்தப் பகல் முழுக்க அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. போனை மேஜையில் வைத்து, அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அது அடித்தது. எடுத்ததும் காற்றின் சத்தம், அப்புறம் மூச்சு வாங்க மனைவியின் குரல்.

"ஏங்க, நாம ஏங்க இத்தனை வருஷமா இங்க வரல?"

நாம என்றாள். முதலில் விழுந்த வார்த்தை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே திருத்தம் ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை. காற்றுதான் வந்தது.

"நான்தாங்க ஓட்டிட்டு வந்தேன்" என்றாள் அவள் மெதுவாக.

"தெரியும். ஷூ சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா விட்டீங்க?" அவள் குரல் உயர்ந்தது. பிறகு, "வெள்ளையா ஒரு சுவர், அதுக்குப் பக்கத்துல நிக்கறோம். ஒரு எடத்துல மட்டும் புதுசா பூசியிருக்கு. இங்க என்ன ஆச்சு? உங்களுக்குத் தெரியாம இருக்காதே" என்றாள்.

தெரியும். எந்த வண்டி, என்ன நிறம், உள்ளே யார் யார், எல்லாம் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சுவர்ல என்ன இருக்கு? அதைத் தாண்டிப் பாரு. கடல் எப்படி இருக்கு?"

"என்னங்க" என்றாள் மனைவி சந்தேகமாக, "உடம்பு கிடம்பு சரியில்லையா? லாரி கேஸ்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏதாவது போனீங்களா? நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். "லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா வீட்லதான் கெடக்கேன்."

"நெனச்சேன்" என்றாள். பின்னால் மகள் எதையோ சொல்வதும் மாப்பிள்ளை சிரிப்பதும் கேட்டது. "காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுங்க. உங்க எடத்துல பையைத்தான் வெச்சிருக்கோம், எடுத்துடறோம்."

"வாயே திறக்க மாட்டேன்" என்றார் அவசரமாக.

"திறந்தா வழியிலயே எறக்கி விட்டுடுவேன்" என்றாள் அவள். "ஓட்டறது நான்."