தொட்டி உறைந்த மார்கழி

மதுரையில் குளிர்காலம் உண்டு என்று நம்புகிறவர்கள் மதுரைக்காரர்கள் மட்டும்தான். மார்கழி பிறந்துவிட்டால் அப்பா தலையோடு மப்ளர் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார். அம்மா என் காதிலும் அக்கா காதிலும் பஞ்சு வைத்துவிடுவாள். பக்கத்து வீட்டு டீச்சர் ஸ்வெட்டரோடு வந்து கோலம் போடுவார். எங்களைப் பார்த்துச் சிரித்த ஒரே ஆள் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் இருந்தார். காஷ்மீரப் பக்கம் எங்கோ பனி மூடிய மலையில் காவல் நிற்கிற வேலை. லீவில் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, வெற்றுடம்போடு தலையைத் துவட்டிக்கொண்டே கொல்லையில் நடப்பார். "இதெல்லாம் ஒரு குளிராக்கா? எங்களுக்கு இது சித்திரை வெயிலு" என்பார். அம்மாவுக்கு அதைக் கேட்டாலே இருமல் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அப்போது நாங்கள் பசுமலையில் இருந்தோம். வீடு கட்டும்போது செங்கல் நனைப்பதற்காகக் கொல்லையில் கட்டிய சிமெண்டுத் தொட்டியை, இடிக்கச் சோம்பல்பட்டு அப்பா அப்படியே விட்டிருந்தார். அதில் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்தது. முந்தைய லீவில் வந்த மாமா அதைத் தேய்த்துக் கழுவி, அடியில் ஆற்று மணல் பரப்பி, மீன் விட்டுவிட்டுப் போனார். கப்பி மீன்கள் ஒரு கூட்டம். கூடவே ஒற்றைத் தங்கமீன். கப்பிகள் குட்டி போட்டுப் பெருகின. தங்கமீன் என் உள்ளங்கையை விட அகலமாக வளர்ந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெருசு. மாமா எப்போதாவது போன் செய்தால் எங்கள் படிப்பை விசாரிப்பதற்கு முன்னால் பெருசைத்தான் விசாரிப்பார். எனக்கும் அக்காவுக்கும் அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அந்த மார்கழியில் மாமா வந்தபோது எங்களுக்கு அரையாண்டு லீவு. எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. மத்தியானங்களில் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து மாமா மலைக் கதை சொல்வார். டம்ளரில் வைத்த தண்ணீர் குடிப்பதற்குள் கல்லாகிவிடும் என்பார். முட்டையைத் தரையில் அடித்தால் தரைதான் உடையும் என்பார். இருப்பதிலேயே எங்களுக்குப் பிடித்தது ஏரிக் கதை.

"ஏரி மேல அம்புட்டும் கண்ணாடி மாதிரி உறைஞ்சு போகும். மேல ஆளு நடக்கலாம், ஜீப்பே ஓட்டலாம். மீனெல்லாம் கீழ அசையாம கெடக்கும்."

"செத்துப் போயிருமா மாமா?" என்றேன்.

"சாகாது. ஆனா அதுக்குக் காத்து வேணும்ல? அந்த ஊருக்காரங்க பனியில ஒரு ஓட்ட போட்டு விடுவாங்க. சுத்தியல் வச்சு அடிச்சு உடைக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியிலயே மீனு செத்துரும். சுடுதண்ணிப் பாத்திரத்த மேல வச்சா அதுவா உருகி ஓட்ட விழும்."

அக்கா எதையும் காரியமாக எடுத்துக்கொள்கிறவள். "நம்ம தொட்டியும் உறையுமா?" என்று கேட்டாள்.

மாமா வானத்தை அண்ணாந்து பார்த்தார். பசுமலைக் குன்றைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "இந்த வருசம் காத்து ஒரு மாதிரியாத்தான் இருக்கு. எதுக்கும் உசாரா இருங்க மருமகளே" என்றார்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்திலிருந்து நாங்கள் தூங்குமுன் தொட்டியைச் சாக்கால் மூட ஆரம்பித்தோம். அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலையை அதற்கு மேல் போர்த்தினோம். அக்கா காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவாள். அப்பா சிரித்தார். மாமா மட்டும் சிரிக்காமல், "நல்ல வேல செய்றீங்க" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டில் நாங்கள் உச்சி குளிர்ந்து போயிருந்தோம்.

ஒருநாள் மாமா தொட்டியைக் கழுவி, பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டார். மிச்சத்தை நாளைக்கு நிரப்பலாம் என்றார். மறுநாள் நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது கொல்லையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏ, எந்திரிங்க! ஓடியாங்க! தொட்டி உறைஞ்சு போச்சு!"

ஓடினோம். மாமா சாக்கை விலக்கினார். தண்ணீர் தெரியவே இல்லை. மேலே வெள்ளை வெளேரென்று பாளம் பாளமாகப் பனிக்கட்டி. அதிலிருந்து லேசாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வரும் என்று சொன்னார், வந்துவிட்டது. அக்கா திரும்பி ஓடி, பாய்லரிலிருந்து ஒரு சொம்பு வெந்நீரைப் பிடித்து, முந்தானை இல்லாத குறைக்குப் பாவாடையால் பிடித்துக்கொண்டு வந்து, பாளத்தின் நடுவில் பூப்போல வைத்தாள். பிறகு இருவரும் ஓட்டை விழுவதற்காகக் காத்திருந்தோம்.

முருங்கை மரத்துக்குப் பின்னால் மாமாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தம் கேட்டு வந்த அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது ஓரமாகக் கிடந்த ஈரக் கோணியும் அதில் ஒட்டியிருந்த மரத்தூளும். விடியுமுன்பே மாமா அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் பக்கம் போய், மீன்கடைகளுக்கு ஐஸ் விற்கிற இடத்தில் பாளங்களை அறுத்து வாங்கி வந்திருக்கிறார். இறக்கி வைத்து மூடிவிட்டு, நாங்கள் எழுந்திருக்கட்டும் என்று நிதானமாக டீ குடிக்கப் போயிருக்கிறார்.

"ஏண்டா, பிள்ளைகள இப்படியா ஏமாத்துவ?" என்று சொல்லும்போதே அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு முகம் சிவந்தது. நான் மட்டும் இன்னும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாளங்களுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகக் கப்பிகள் தெரிந்தன. வயிறு மேலாக மிதந்தன. அடியில் மணல்மேல் பெருசு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

"மாமா, பெருசு மூச்சு விடல."

"தூங்குதுத்தா" என்று சிரித்துக்கொண்டே வந்தார். எட்டிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா அப்படியே மண்டிபோட்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பாளங்களைத் தூக்கி வெளியே வீசினார். சொம்பு உருண்டு போய்த் துவைக்கிற கல்லில் மோதியது. பாளத்தின் விளிம்பு கிழித்து விரலில் ரத்தம் வந்தது, அவர் பார்க்கவில்லை. பெருசை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, தண்ணீருக்குள்ளேயே முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். அதன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டு, எனக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் கெஞ்சியது, அதட்டியது, மறுபடி கெஞ்சியது.

அக்கா அப்போது இந்தி டியூஷன் போய்க்கொண்டிருந்தாள். "என்ன சொல்றாரு?" என்று அவள் காதில் கேட்டேன்.

"எந்திரி, எந்திரி, தூங்கிராதங்குறாரு" என்றாள்.

எனக்கு மாமாவுக்கு உதவவேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் போய், "மாமா, நம்ம பெருசுக்கு இந்தி தெரியாது. தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

வேறொரு நாளாக இருந்தால் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தாரா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு. அம்மா அவர் தோளில் கை வைத்தாள்.

"தம்பி, வெந்நி கொண்டாரவா?"

"வேணாம்க்கா! சூடு காட்டிராத. ஒரேயடியா சூடு பட்டா போயிரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொண்டுவரணும்."

பேசினதும் அவருக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது. பெரிய அலுமினியப் பாத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். தொட்டித் தண்ணீரோடு பெருசை அதற்கு மாற்றினார். மார்கழிக் காலையில் அடிபம்புத் தண்ணீர் வெதுவெதுவென்று வரும். நான் பம்பில் தொங்கித் தொங்கி அடித்தேன். அக்கா டம்ளரில் பிடித்து வந்து கொடுத்தாள். மாமா அதைக் கையில் வாங்கி, விரல் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். இடது கை மீனுக்கு அடியிலேயே இருந்தது. அதை எடுக்கவே இல்லை.

மப்ளரும் பால் தூக்குமாக வந்த அப்பா, "என்ன மாப்ள, மீனுக்கு வைத்தியமா?" என்று ஆரம்பித்தார். "நீங்க உள்ள போங்க" என்றாள் அம்மா. ஏன் என்று கேட்காமல் அப்பா உள்ளே போனார். எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

வெயில் முருங்கை மரத்தைத் தாண்டி ஏறியபோது பெருசின் செவுள் ஒருமுறை திறந்து மூடியது. நான்தான் முதலில் பார்த்தேன். கத்தினேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி திறந்தது. வால் ஆடியது. சாய்ந்து கிடந்த உடம்பு, போதை தெளிகிறவனைப் போலத் தள்ளாடி நிமிர்ந்தது. நானும் அக்காவும் குதித்தோம். மாமா குதிக்கவில்லை. அது பாத்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் வரைக்கும் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தபோது கை வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

கப்பிகளில் பிழைத்தவை கொஞ்சம்தான். செத்தவற்றை மாமா வாழையிலைத் துண்டில் பொறுக்கி வைத்து, முருங்கை மரத்தடியில் தோண்டிப் புதைத்தார். நாங்கள் கூட நின்றோம். அத்தனை சின்ன மீன்களுக்கு அவ்வளவு ஆழமாகக் குழி எதற்கு என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள்.

மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. அம்மா தட்டில் சோறு போட்டுக் கொல்லைக்கு எடுத்துப் போனாள். வெகுநேரமாகியும் திரும்பவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். இருவரும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு தொடாமல் அப்படியே இருந்தது. மாமா தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார். மீசை வைத்த ஒருவர் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எம்புட்டு எழுப்பிப் பாத்தேன் தெரியுமாக்கா. கையத் தேச்சு விட்டேன், கன்னத்துல அடிச்சேன். தூங்கிராதடா, தூங்கிராதடான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அவன் எந்திரிக்கவே இல்ல."

அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். எனக்குப் பொறுக்கவில்லை. போய் மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதீங்க மாமா. அது எந்திரிச்சிருச்சு. இப்பக்கூட நீந்துது, வந்து பாருங்க" என்றேன்.

மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் சட்டையில் பாசி வாடை அடித்தது. "ஆமாத்தா" என்றார். "பெருசு எந்திரிச்சிருச்சு." பிறகு தட்டை எடுத்து, எனக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, அவரும் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா எனக்கு அதைச் சொன்னாள். அந்த லீவுக்குக் கொஞ்சம் முன்பு, மலைமேல் பனிப்புயலில் மாமாவோடு மாட்டிக்கொண்ட ஒரு பையன். வடக்கத்திக்காரன், பட்டாளத்துக்குப் புதுசு. மாமா விடிய விடிய அவனைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். காப்பாற்ற ஆள் வந்தபோது மாமாவை மட்டும்தான் எழுப்ப முடிந்தது.

எங்கள் ஊரில் மீனை யாரும் 'அவன்' என்று சொல்வதில்லை. எட்டு வயதில் எனக்கு அது தெரியாமல் இல்லை. நானே 'அது' என்றுதான் சொன்னேன். ஆனாலும் அந்த மத்தியானத்தில் மாமா சொன்ன அந்த 'அவன்' என் காதில் கொஞ்சமும் உறுத்தவில்லை. மாமாவின் அழுகையை ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டேன் என்ற பெருமை தாங்காமல், அக்காவிடம் சொல்வதற்காக வீட்டுக்குள் ஓடினேன்.